கொடி நாளும் மறுநாளும்

வண்ணக் கொடியொன்றைச் சட்டையிலே குத்திக்கொள்கிறோம். உண்டியலிலே காசு போடுகிறோம். படைவீரனுக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற மனநிறைவோடு வீடு திரும்புகிறோம். ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று நாடெங்கும் நடைபெறும் நிகழ்ச்சி இது. 1949 ஆகஸ்டில், பாதுகாப்பு அமைச்சரின் தலைமையில் அமைந்த குழு இந்நாளைக் கொடி நாளாகக் குறித்தது. சிவப்பும் கருநீலமும் வெளிர்நீலமும் முப்படைகளைக் குறிக்கும். நல்ல ஏற்பாடுதான், குறை கூற வரவில்லை. ஆனால், தோழர்களே, டிசம்பர் 8 அன்று நாம் என்ன செய்கிறோம்?

படைவீரன் என்றதும் நம் மனக்கண்முன் நிற்பவன் எவன்? பனிமலையிலே துப்பாக்கி ஏந்தி நிற்கும் காளை! அவனைப் பாடக் கவிஞர் உளர். படம்பிடிக்கத் திரையுலகம் இருக்கிறது. ஊர் திரும்பியவனை யார் பாடுவார்? பதினெட்டிலே சேர்ந்த சிப்பாய் 15 ஆண்டுப் பணி முடித்ததும் ஓய்வூதியத்துக்கு உரியவனாகிறான். நாற்பதை ஒட்டிய வயதிலேயே சீருடையைக் களைந்துவிடுவோர் மிகப் பலர். ஏனைய அரசு ஊழியர் பதவி உயர்வை எண்ணிக்கொண்டிருக்கும் வயதன்றோ அது! பிள்ளைகள் பள்ளியிலே, பெற்றோர் மூப்பிலே, இவனோ புதுப் பிழைப்புத் தேடித் தெருவிலே.

அவன் மறைந்தபின் அவன் மனைவியின் நிலை இன்னும் கடிது. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை ‘இராணுவப்பேட்டை’ என்றே மக்கள் அழைக்கின்றனர். தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆளனுப்பிய ஊர் அது. அத்தகைய ஊரிலே வாழும் மூதாட்டி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். கணவன் மதராஸ் ரெஜிமெண்டிலே இருந்தானெனில் அவனுடைய ஆவணம் நீலகிரியிலே, வெலிங்டனிலே. மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படைப்பிரிவில் இருந்தானெனில் பெங்களூரிலே. அன்று எழுத்தர் ஆங்கிலத்திலே எழுதிவைத்த அவள் பெயருக்கும் இன்றைய ஆதார் அட்டையிலுள்ள பெயருக்கும் ஓரெழுத்துப் பிசகினாலும் குடும்ப ஓய்வூதியம் தடைபட்டு நிற்கும். யாருக்கு எழுதுவாள்? எந்த மொழியிலே எழுதுவாள்?

கற்பனையன்று இது. வங்கிகள் வழியே வந்த படைத்துறை ஓய்வூதியத்தை ‘ஸ்பர்ஷ்’ என்னும் கணினி முறைக்கு மாற்றினார்கள். ஆண்டுக்கொரு முறை ‘நான் உயிரோடிருக்கிறேன்’ என்று அதிலே மெய்ப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில், அவ்வாறு மெய்ப்பிக்கப்படவில்லை என்று 58,000-க்கு மேற்பட்டோருக்கு மாத இறுதியிலே பணம் சேரவில்லை. கூக்குரல் எழுந்தபின், மே முதல் வாரத்திலே சிறப்பு விலக்களித்துப் பணத்தைச் செலுத்தினார்கள். பகைவரின் குண்டுக்குத் தப்பியவர், கணினியின் கண்ணுக்கு உயிரற்றவராகிவிட்டார்! பக்கத்து வீட்டிலே கைப்பேசி இயக்கத் தெரிந்த இளைஞன் ஒருவன் அரைமணி நேரம் ஒதுக்கியிருந்தால் அவர்களிற் பலருக்கு அந்த இடர் நேர்ந்திராது.

“இது அரசின் கடன், தொண்டர் ஏன் சுமக்கவேண்டும்?” என்று கேட்கும் தோழர்களும் நம்மிடையே உண்டு. நியாயமான கேள்வி. தொண்டு, அரசின் தவறுக்குத் திரையாகிவிடக் கூடாது. ஆயினும், உரிமை இன்னதென்று அறிந்து அதை வற்புறுத்துவோர் இல்லாத இடத்திலே எந்த அரசும் தானாக மனமிரங்கியதில்லை.

அமெரிக்க வரலாறு இதைக் காட்டும். முதல் உலகப்போரிலே போரிட்டவர்களுக்கு 1945-இல் தருவதாகச் சொல்லப்பட்ட ஊக்கத்தொகையை, பஞ்சம் வாட்டிய 1932-இலேயே தருமாறு கேட்டுப் பல்லாயிரவர் வாஷிங்டன் நகரிலே குடிசையிட்டுத் தங்கினர். கிடைத்தது என்ன? அதிபர் ஹூவரின் ஆட்சியிலே, ஜூலை 28 அன்று, தளபதி மெக்கார்தர் தலைமையிலே படை வந்தது; கண்ணீர்ப்புகை சூழ்ந்தது; குடிசைகள் எரிந்தன. அந்த அவமானத்தை நாடு மறக்கவில்லை. பன்னிரண்டே ஆண்டுகளில், அமெரிக்கன் லீஜன் என்னும் முன்னாள் வீரர் சங்கம் வரைந்து தந்த திட்டம், 1944-இல் ரூஸ்வெல்ட்டின் கையொப்பத்தோடு சட்டமாயிற்று. ஏறத்தாழ 78 இலட்சம் பேர் அதனால் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றனர். கறுப்பின வீரர் பலருக்கு அப்பயன் எட்டாதபடி நிறவெறி குறுக்கே நின்றது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

இங்கும் அதே கதைதான். ஒரே பதவி, ஒரே பணிக்காலம், ஒரே ஓய்வூதியம் என்னும் கோரிக்கைக்காக 2015-இல் முதியவர்கள் பதக்கங்களை மார்பிலே தாங்கி டெல்லி ஜந்தர் மந்தரிலே அமர்ந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் அரசு இணங்கியது. அவர்கள் பட்டியலிட்டு, கணக்கிட்டு, விதி எண்ணைச் சுட்டி வாதாடினார்கள். அதனால்தான் அமைச்சகமும் அவர்களோடு கணக்குப் பேச நேர்ந்தது.

குடிமைக் கல்வி என்று நான் கருதுவது இதைத்தான். அரசியல் சட்டத்தின் 51-அ பிரிவு, அழைக்கும்போது நாட்டைக் காத்துத் தேசப்பணி புரிவது குடிமகனின் கடமை என்கிறது. 1976-இல் சேர்க்கப்பட்ட பிரிவு. பள்ளியிலே அதை ஒப்பிக்க வைக்கிறோம். அக்கடமையை ஆற்றித் திரும்பியவருக்கு நாடு என்ன கடன்பட்டிருக்கிறது என்பதை எந்த வகுப்பிலே கற்பிக்கிறோம்? 2022-இல் வந்த அக்னிபத் திட்டம், நான்காண்டு முடிந்ததும் நால்வரில் ஒருவருக்கு மேல் படையிலே நிலைக்க இடமளிக்கவில்லை; வெளியேறுவோருக்கு ஓய்வூதியமும் இல்லை. அவ்விளைஞர்கள் நம் ஊர்களுக்குத்தானே வருவார்கள்?

நம் படிப்பகங்களிலே பத்திரிகை இருக்கிறது, பலகை இருக்கிறது, மாலையிலே கூடும் இளைஞர் இருக்கின்றனர். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஊரிலுள்ள முன்னாள் வீரர், வீரரின் கைம்பெண் ஆகியோர் பெயரை ஏட்டிலே எழுதுங்கள். ஓய்வூதிய ஆணையையும் ஆதார் அட்டையையும் பக்கத்திலே வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிழையிருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு உடன் சென்று, மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வாருங்கள். கட்சி பார்க்காதீர்கள்; எந்தக் கொடிக்கு வாக்களித்தார் என்று கேட்காதீர்கள். மனுவை எழுதித் தருமுன் அவருக்கே ஒருமுறை படித்துக் காட்டுங்கள். கூடியிருக்கும் பிள்ளைகளும் கேட்கட்டும். முதல் பெயரை இந்த ஞாயிறே எழுதலாம்.