கைகளுக்கும் ஒரு பாடவேளை

செய்து கற்பதே சிறந்த கல்வி என்பதை இன்று மறுப்பவர் எவரும் இலர். ஆயினும் செயல்திட்டம் என்னும் பெயரால் பள்ளிகளில் நடப்பவற்றைச் சற்று உற்று நோக்கினால், செய்பவர் யார், கற்பவர் யார் என்னும் ஐயம் எழுகிறது. செயல்திட்டம் கொடுத்த அன்று மாலையே எழுதுபொருள் கடையில் தெர்மாகோல் தீர்ந்துவிடுகிறது. எரிமலையும் காற்றாலையும் பெட்டியில் அடைத்து விலைக்குக் கிடைக்கின்றன. ஒட்டுவதும் வண்ணம் தீட்டுவதும் இரவு பதினொரு மணிவரை அம்மாவின் வேலை. மறுநாள் மதிப்பெண் பெறுபவர் மட்டும் நீங்கள்.

விழாக்களும் இவ்வாறே. மேடை அமைக்கிறோம், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், பெற்றோர் கீழே அமர்ந்து கைதட்டுகின்றனர். கைதட்டும் அக்கைகளுள் கப்பல் தளத்தில் இரும்பைப் பற்றவைக்கும் கைகள் உண்டு. மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளில் மிளகையும் இஞ்சியையும் தரம் பிரிக்கும் கைகள் உண்டு. துணி வெளுக்கும் கைகளும் உண்டு. இவற்றைக் கைதட்டுவதற்கு மட்டும் அழைப்பது எவ்வளவு பெரிய வீண்செலவு!

நம் அருகிலேயே ஒரு சான்று இருக்கிறது. ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னும் பகுதியில் உள்ள 'தோபி கானா'வை உங்களுள் பலர் பேருந்திலிருந்து பார்த்திருப்பீர்கள். அங்கே உழைப்பவர்கள் தமிழர்கள். டச்சுக்காரர்கள் 1663-இல் கொச்சியைக் கைப்பற்றியபின், படைவீரர்களின் உடைகளை வெளுப்பதற்காகத் தங்கள் முன்னோர் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டனர் என்பது அவர்களிடையே வழிவழியாக வரும் செய்தி. வெளியூரிலிருந்து வந்து இங்கே வேரூன்றிய தமிழருள் நம் குடும்பங்களைவிட அவர்கள் மூத்தவர்கள். வேலைக்கு மாற்றலாகி வந்த என்னைப் போன்றோர் நேற்று வந்தவர்கள்.

அங்கே ஒவ்வொருவருக்கும் தனித்தனித் துவைப்புத் தொட்டி உண்டு. பின்புறத் திடலில் வரிசை வரிசையாகக் கயிற்றுக் கொடிகள் கட்டப்பட்டுள்ளன. அக்கொடிகளில் ஒரு கவ்விகூடக் கிடையாது. இரண்டு கயிறுகளை ஒன்றாக முறுக்கிக் கட்டி, அம்முறுக்கின் இடுக்கில் துணியின் ஓரத்தைச் செருகிவிடுகின்றனர். கடற்காற்று எவ்வளவு இழுத்தாலும் துணி நழுவுவதில்லை. உராய்வு என்னும் பாடத்தை இதைவிட எளிதாக விளக்கும் கருவி எந்த ஆய்வகத்திலும் இல்லை. இரண்டு முழக் கயிறும் ஒரு கைக்குட்டையும் இருந்தால் வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். எத்தனை முறுக்குக்கு எவ்வளவு எடையைக் கயிறு தாங்குகிறது என்று நீங்களே அளந்து அட்டவணை இடலாம்.

கஞ்சியும் அப்படித்தான். சோற்றுக் கஞ்சியை நீர்க்கக் கரைத்தால் துணி துவண்டு கிடக்கும். கெட்டியாகக் கரைத்தால் அட்டைபோல் விறைக்கும். நடுப்பதம் ஒன்று உண்டு. அந்தப் பதத்தைக் கைதான் அறியும். ஆயினும் அதை அளவுக் குவளையால் கண்டுபிடிக்க நம்மால் இயலுமா என்று முயல்வது நல்ல அறிவியல்.

என்னைப் பெரிதும் ஈர்ப்பது வேறொன்று. நூறு வீட்டுத் துணிகள் ஒரே தொட்டியில் கலந்தாலும் அவற்றைப் பிரித்துச் சேர்க்கவேண்டுமே! அதற்காகச் சலவைத் தொழிலாளர்கள் முற்காலத்தில் சேராங்கொட்டையின் சாற்றால் துணியின் ஓரத்தில் குறியிட்டனர். அக்கறை எத்தனை முறை துவைத்தாலும் போகாது. அச்சாறு தோலில் பட்டால் கொப்புளம் எழும். ஆகையால் அதை வகுப்பறைக்குக் கொண்டுவரக் கூடாது. நமக்குப் பென்சில் போதும். புள்ளி, கோடு, வளையம் ஆகிய மூன்றை மட்டும் கொண்டு நாற்பது வீடுகளுக்கு நாற்பது வெவ்வேறு குறிகளை உருவாக்கிப் பாருங்கள். ஒரு குறியில் மூன்று இடங்கள் இருந்தால் 27 வகைதான் கிடைக்கும். நான்கு இடங்கள் வைத்தால் 81 கிடைக்கும். பள்ளிக்கூடம் கிட்டாத மக்கள் தமக்கென ஆக்கிக்கொண்ட எழுத்துமுறைக்குள் இத்தனை கணக்கு இருக்கிறது.

தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கு இதில் தன்னலமும் உண்டு. வெள்ளாவி, உவர்மண், துறை, கொடி, நீலம் போடுதல் என நான் கரும்பலகையில் எழுதும் சொற்களை நீங்கள் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவீர்கள். தொட்டியருகே நின்று அவற்றைச் சொல்பவரின் வாயால் கேட்ட சொற்கள் எளிதில் மறவா. தாமிரபரணிக் கரையில் வளர்ந்த எனக்கு வெள்ளாவி என்றதும் நீராவியின் மணம் நினைவுக்கு வருகிறது. உங்களுக்கு வெறும் நான்கெழுத்துதான் வருகிறது. இது உங்கள் குறையன்று.

இவ்விடத்தில் வரலாறு அறிந்த தமிழர் ஒரு தடை எழுப்புவர், அது நியாயமானது. 1953-இல் சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராஜாஜி, தொடக்கப் பள்ளியின் நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். இருக்கும் பள்ளிகளிலேயே கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசு சொன்ன காரணம். பெரியாரும் பிறரும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று கடுமையாக எதிர்த்தனர். துவைப்பவர் பிள்ளை துவைக்கவும், மண் மிதிப்பவர் பிள்ளை மண் மிதிக்கவும் அது வழிவகுக்கும் என்றனர். 1954-இல் இராஜாஜி பதவி விலகினார். அவருக்குப்பின் முதலமைச்சரான காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். கைவிட்டது சரி என்பதே என் கருத்து.

அப்படியாயின் நான் கேட்பது என்ன? கஞ்சித் தொட்டியில் முதலில் கைவைக்க வேண்டியவர் அதிகாரி வீட்டுப் பிள்ளை. சலவைத் தொழிலாளியின் மகள் அளவுக் குவளையையும் குறிப்பேட்டையும் ஏந்தட்டும். "இது உன் அப்பா செய்யும் தொழில்தானே, நீ செய்து காட்டு" என்று எந்த ஆசிரியரும் சொல்லக் கூடாது. சேர்க்கைப் படிவத்தில் பெற்றோரின் தொழில் என்னும் கட்டத்தில் சில பிள்ளைகள் 'தனியார் பணி' என்று எழுதிவிட்டுத் தலை குனிந்துகொள்வதை ஆசிரியர் பலரும் பார்த்திருப்பர். அப்பிள்ளையை எழுப்பி நிறுத்துவது கல்வியாகாது. அவர் தந்தையை ஆசிரியராக அழைப்பது வேறு. அங்கே அறிவுடையவர் அவர், மாணவர் நாம் எல்லாரும். அந்தப் பிள்ளை நாளை பொறியாளர் ஆகட்டும், கடற்படையில் சேரட்டும். தந்தையின் அறிவு அறிவே என்பதில் மாற்றமில்லை.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்குப் புத்தகப் பையில்லாப் பத்து நாள்களைப் பரிந்துரைக்கிறது. தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர் ஆகியோரிடம் மாணவர் பழகவேண்டும் என்றும் கூறுகிறது. நல்ல சொற்கள். ஆனால் அந்நாள்களைச் சுற்றுலாவாகவும் படம் எடுக்கும் நாள்களாகவும் மாற்றிவிட நமக்கு அதிக நேரம் ஆகாது. ஒளிப்படத்திற்காக ஐந்து நிமிடம் துவைகல்லருகே நிற்பதால் யாருக்கும் பயனில்லை. மேலும், ஒரு தொழிலாளி பள்ளிக்கு வந்தால் அன்றைய கூலியை இழக்கிறார். அவருக்குப் பள்ளி மதிப்பூதியம் தரவேண்டும். ஆசிரியர் அறையில் நாற்காலியும் தேநீரும் தரவேண்டும். பொன்னாடை இல்லாவிட்டாலும் குற்றமில்லை.

ஊரும் பள்ளியும் சேர்ந்து நடத்தும் விழா எப்படி இருக்கும் என்பதற்கும் தமிழகத்தில் முன்மாதிரி உண்டு. காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் 1958-இல் தொடங்கின. மக்கள் தம் ஊர்ப் பள்ளிக்கு என்ன வேண்டும் எனக் கண்டறிந்து, இயன்றதைக் கொண்டுவந்து கொடுத்தனர். நம் பெற்றோர் பொருளாகக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு பாடவேளையைக் கொடுத்தால் போதும்.

நம் பள்ளியில் இதற்கு ஏற்ற காலம் டிசம்பர் என்று நினைக்கிறேன். அப்போது வெயில் தெளிந்திருக்கும். கொடிகளில் துணி நிறைந்திருக்கும். கேட்கவேண்டிய வினாக்களை இப்போதே குறிப்பேட்டில் எழுதத் தொடங்குங்கள். இங்குள்ளோர் இடவப்பாதி என்று அழைக்கும் தென்மேற்குப் பருவமழை நாள்கணக்கில் விடாமல் பெய்யும்போது, அத்தனை துணிகளையும் அவர்கள் எங்கே, எப்படி உலர்த்துகின்றனர் என்பது முதல் வினாவாக இருக்கட்டும். எனக்கும் விடை தெரியாது.