பொருத்திய கை யாருடையது?

இரும்புக்கை மாயாவியை நம்மில் ஐம்பதைக் கடந்தவர்கள் மறந்திருக்க முடியாது. 1972-இல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் தமிழில் கொண்டுவந்த ஆங்கிலச் சித்திரக்கதை அது. விபத்தில் கையை இழந்தவனுக்கு இரும்புக் கை. உடலில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், கை மட்டும் அந்தரத்தில் தெரியும். பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து அதைப் படித்த தலைமுறைதான், இன்று தன் பிள்ளைகள் ரசிக்கும் படங்களைப் பார்த்து "இதென்ன கோரம்!" என்று முகம் சுளிக்கிறது.

முதல் படத்தில் ஒரு விரல் மட்டும் உலோகம். அடுத்ததில் முன்கை. பிறகு தோள், கண், முதுகெலும்பு. கடைசியில் முகத்தில் ஒரு கீற்றுத் தோல்தான் மிச்சம். 'இவன் இன்னும் மனிதன்தானா?' என்று இத்தகைய ஓவியங்கள் கேட்பதாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றும் கேள்வி வேறு: பொருத்திய உறுப்பு யாருக்குச் சொந்தம்?

1987-இல் வந்த 'ரோபோகாப்' படத்தில் கொல்லப்பட்ட காவலரை ஒரு நிறுவனம் இயந்திர உடலோடு எழுப்புகிறது. அந்நிறுவனத்தின் உயர் அதிகாரிகளை அவர் கைது செய்யப் போனால் உடலே முடங்கிவிடும்படி உள்ளே ஓர் இரகசியக் கட்டளை. சினிமாதானே என்று விட்டுவிட முடியாது. அமெரிக்காவின் செகண்ட் சைட் நிறுவனம் பார்வையிழந்தோருக்கு 'ஆர்கஸ் 2' என்ற செயற்கை விழித்திரையைத் தந்தது. உலகெங்கும் 350 பேர் அளவில் பொருத்திக்கொண்டார்கள். 2019-இல் நிறுவனம் அதைக் கைவிட்டது. கருவி கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. பழுதானால் பார்ப்பதற்கு ஆளில்லை.

இதன் எதிர்ப்புறம் ஜெய்ப்பூர் கால். கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் ரப்பரும் மரமும் கொண்டு உருவாக்கியது. 1981-இல் தமிழ்நாட்டில் நடந்த பேருந்து விபத்துக்குப் பின் காலை இழந்த சுதா சந்திரன், அந்தக் காலோடுதான் 1984-இல் மீண்டும் பரதம் ஆடினார். அடுத்த ஆண்டே 'மயூரி' படத்தில் தன் கதையில் தானே நடித்தார். சாதாரணப் பட்டறையில் செய்யலாம், சரிபார்க்கலாம் என்பதே அந்தக் காலின் பெருமை.

நம் ஊரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணியாற்றிய சுஜாதா, ஜீனோ என்ற இயந்திர நாயைத் தமிழுக்குத் தந்தார். 2010-இல் 'எந்திரன்' வந்தது. இரண்டிலும் இயந்திரம்தான் மனிதனை நோக்கி வருகிறது. மனிதன் கொஞ்சம் கொஞ்சமாக இயந்திரத்தை நோக்கிப் போவதை நம்மவர்கள் போதிய அளவு எழுதவுமில்லை, வரையவுமில்லை. (உடனே கண்ணப்ப நாயனாரை இழுக்க வேண்டாம். அவர் கொடுத்தது சொந்தக் கண்ணை!)

அடுகோடியில் இதை வரையத் தகுந்த கைகள் இருக்கின்றன. மைக்கோவில் இயந்திரம் ஓட்டியவர்களின் பிள்ளைகள் இன்று மென்பொருள் எழுதுகிறார்கள். பக்கத்தில் நிம்ஹான்ஸில் நடுக்குவாதக்காரர்களின் மூளைக்குள் மின்முனை பதிக்கிறார்கள். நம் வீடுகளிலேயே இதயத்துக்குப் பேஸ்மேக்கர், முழங்காலுக்கு உலோக மூட்டு. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேளாத குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். உள்ளே வைத்த பகுதி பல்லாண்டு இருக்கும். வெளியே மாட்டும் பகுதியும் ஒயரும் தேயும். ஆனால் அந்தத் திட்டம் அம்மாநிலக் குடும்ப அட்டைக்கு உரியது. பிழைப்புக்காக பெங்களூர் வந்த குடும்பம் அட்டையை இங்கே மாற்றிக்கொண்டால், பிறகு வரும் செலவை யார் ஏற்பது? கருவி வைக்கும் முன்பே மருத்துவரிடமும் விற்பவரிடமும் இதைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

வரும் பொங்கல் விழா ஓவியப் போட்டிக்கு 'நாளைய மனிதன்' என்று தலைப்புக் கொடுக்கலாம். உலோகக் கை, கண்ணாடிக் கண் எல்லாம் பிள்ளைகள் இஷ்டம். படத்தின் ஒரு மூலையில் அதைப் பழுதுபார்க்கும் கடையும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.