அவளுடைய எக்ஸ்ரே யாருக்குப் போனது?

என்னிடம் பி.ஏ. தமிழ் படித்த பெண் ஒருத்தி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்கிறாள். சென்ற ஆண்டு அவளது விடுதியில் மருத்துவ முகாம் நடந்தது. மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் நொடியில் படித்துவிட்டது: காசநோய் சந்தேகம். அந்த முடிவு முதலில் போனது கம்பெனியின் மனிதவளப் பிரிவுக்கு. அவளுக்கு வந்தது, ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்ற செய்திதான். அரசு மருத்துவமனையில் சளியைச் சோதித்து, நோயில்லை என்று தெரிவதற்குள் பத்து நாள் சம்பளம் போயிற்று.

“இதை யார்கிட்ட போய்க் கேக்கறது, மேம்?” என்றாள்.

மென்பொருள்மீது எனக்குப் பகை இல்லை. காசநோயைக் கண்டறிய எக்ஸ்ரே படிக்கும் மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2021இல் பரிந்துரைத்தது. படம் பார்க்க மருத்துவர் இல்லாத ஊர்களுக்கு அது உதவிதான். ஆனால் அது சொல்வது சந்தேகத்தை மட்டுமே. சந்தேகத்தைத் தீர்ப்பாக்கி அவளை வெளியே நிறுத்தியவர்கள் மனிதர்கள். சட்டம் பிடிக்க வேண்டியது அவர்களை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் உடல்நலத் தகவலுக்குச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு உண்டு. 2024 ஆகஸ்டில் அங்கே அமலுக்கு வந்து, படிப்படியாக நடைமுறையாகிவரும் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், நோய் கண்டறியும் மென்பொருள்களில் பெரும்பாலானவற்றை ‘அதிக ஆபத்து’ வகையில் வைக்கிறது. மனிதரின் மேற்பார்வை கட்டாயம், மீறினால் அபராதம்.

இங்கே? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் வெளியிட்ட நெறிமுறைகள் ஒப்புதலையும் பொறுப்பையும் அழகாகப் பேசுகின்றன. ஆனால் அவை சட்டம் ஆகா. அதே ஆண்டு வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவலுக்குத் தனி இடமே இல்லை. அதன் 7ஆம் பிரிவு, வேலை தொடர்பான நோக்கங்களுக்காகத் தொழிலாளியின் தகவலை அவள் ஒப்புதல் இல்லாமலே கையாள முதலாளிக்கு வழி விடுகிறது. அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அத்தனையும் அரசின் தொகுப்பு நிதிக்கு. பாதிக்கப்பட்டவளுக்கு இழப்பீடு தர அந்தச் சட்டத்தில் இடமில்லை.

ஒப்புதல் வாங்கினாலும் யாருடைய ஒப்புதல் என்று கேட்க வேண்டியிருக்கிறது. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் எச்பிவி தடுப்பூசி ஆய்வில் சேர்க்கப்பட்ட பழங்குடிச் சிறுமிகள் பலருக்கு விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டார்கள். நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் அதைக் கண்டித்தது. விடுதியில் இருக்கும் பெண்ணின் உடலுக்கு வேறு யாரோ கையெழுத்துப் போடும் வழக்கம் மட்டும் போகவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். உடல்நலத் தகவலை 7ஆம் பிரிவிலிருந்து வெளியே எடுங்கள். முடிவு முதலில் அவள் கைக்கு, அவள் மொழியில் வரட்டும். தமிழோ, ஒடியாவோ, இந்தியோ. மருத்துவர் உறுதி செய்யாமல் ஒருநாள் கூலியும் பிடிக்கக் கூடாது. பிடித்தால் இழப்பீடு கொடுங்கள்.

விடுதியில் மறுபடியும் முகாம் வரப்போகிறது. கையெழுத்துப் போடும் முன், “ரிசல்ட் யாருக்குப் போகும்?” என்று கேட்பதாக அவளும் அறைத் தோழிகளும் பேசி வைத்திருக்கிறார்கள்.