பழகிய தந்தி

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன்

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். பாலைப் பொறுத்தவரை அது உண்மையாக இருக்கலாம். ஆனால் பழகப் பழக இனிக்கும் பொருள்களும் இவ்வுலகில் உண்டு. தறி அவற்றுள் ஒன்று. பேஸ் கிட்டாரின் தந்தி இன்னொன்று.

சென்ற ஆண்டுக் கல்லூரி விழாவில் மெல்லிசை நிகழ்ச்சி முடிந்து மேடையை விட்டு இறங்கியதும் நண்பர்கள் சிலர் என்னைச் சூழ்ந்துகொண்டு, "என்னப்பா, உன் கிட்டார் சத்தம் செத்துக் கிடக்கு? புதுக் கம்பி போடக் கூடாதா?" என்று கேட்டனர். அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். இக்கட்டுரை அவர்களுக்கு நான் தரும் காலந்தாழ்ந்த விடை. அத்துடன் நம் மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோளும் இதில் உண்டு.

"நயினா பிள்ளை பிறந்த ஊரில், டி.கே. பட்டம்மாள் பிறந்த ஊரில் உனக்குப் பேஸ் கிட்டார் கேட்கிறதா?" என்று வேடிக்கையாகக் கேட்ட ஆசிரியரும் உண்டு. அவருக்கு என் பணிவான பதில் இதுதான். கச்சேரியில் தம்பூராவை யாரும் தனியே கேட்பதில்லை. அது நின்றால்தான் எல்லாருக்கும் தெரியும். மெல்லிசையில் பேஸ் கிட்டாரும் அப்படிப்பட்டதே. 1976-இல் 'அன்னக்கிளி' படத்தின் வாயிலாக அறிமுகமான இளையராஜாவின் பாடல்களில், பாடகர் ஒரு வழியில் செல்ல, அடியில் பேஸ் தனக்கென்று வேறொரு மெட்டில் நடந்துகொண்டிருக்கும். அந்த நடையை முதன்முதலில் காது கொடுத்துக் கேட்ட நாளிலிருந்து எனக்கு இந்தப் பித்துப் பிடித்தது.

நாங்கள் பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். கலைந்துபோன ஒரு மெல்லிசைக் குழுவிடமிருந்து மலிவாகக் கிடைத்த பழைய பேஸ் கிட்டார் ஒன்று, இப்போது தறிக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. கல்யாணக் கச்சேரிகளில் வாசித்துக் கிடைப்பது என் பேருந்துச் செலவுக்கு ஆகிறது. விடுமுறை நாள்களில் அப்பாவுக்கு எதிரே அமர்ந்து கோர்வைச் சேலைக்குக் கரை நாடா தள்ளிக் கொடுப்பேன். ஒரே கையைத் தறியும் கேட்கிறது, கிட்டாரும் கேட்கிறது. என் கதை முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

முதலாம் ஆண்டில் சேர்ந்த புதிதில், எல்லாரும் போடுகிறார்களே என்று 'ரவுண்டுவவுண்டு' எனப்படும் தந்தியைத்தான் வாங்கி மாட்டினேன். நடுவில் எஃகு நரம்பு. அதன்மேல் உருண்டைக் கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். தொட்டால் அரம் போலச் சொரசொரக்கும். முதல் நாள் ஒலி வெண்கல மணி போலக் கணீரென்று இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இரவு பகலாக வாசித்தேன். ஒரு மாதத்தில் இரண்டு விரல் நுனிகளும் தோல் தடித்து, வெடித்து, பிசிறு பிசிறாக நின்றன.

அந்த விரலோடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தறியில் உட்கார்ந்தேன். அரக்கு உடல், பச்சைக் கரை, முகூர்த்தச் சேலை. அறுந்த இழையொன்றைப் பிணைக்கப் போன என் விரலின் பிசிறில் பக்கத்துப் பாவிழைகள் மாட்டிக்கொண்டன. பட்டு இழை எவ்வளவு மெல்லியது என்பதை நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் இழுத்துவிட்டேன். ஒரு சாண் அளவுக்கு இழைகள் நெகிழ்ந்து துணியில் கோடு விழுந்துவிட்டது. அப்பா எவ்வளவு சரிசெய்தும் அது முழுதாக மறையவில்லை. சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்த இடத்தில் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். அப்பா என்னைத் திட்டவில்லை. என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் கை ரெண்டுக்கும் ஆவாதுடா. ஏதாவது ஒண்ணு சொல்லு" என்று மட்டும் சொன்னார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கிட்டாரைக் கொடுத்துவிடலாமா என்று நான் எண்ணியிருந்தபோது, குழுவில் வாசிக்கும் மூத்த அண்ணன் ஒருவர்தான் 'ஃப்ளாட்வவுண்டு' என்ற தந்தி இருப்பதைச் சொன்னார். இதில் உள்ளே அதே எஃகு நரம்புதான். மேலே சுற்றும் கம்பியை மட்டும் நாடா போலப் பட்டையாக்கி, விளிம்போடு விளிம்பு பொருந்தச் சுற்றுகிறார்கள். விரலை ஓட்டினால் கண்ணாடியில் ஓட்டுவது போல வழுக்கிச் செல்லும். விலையோ அப்பாவின் ஒரு வாரக் கூலியைத் தாண்டியது. மூன்று கச்சேரிப் பணத்தைச் சேர்த்து வைத்து, ஆயுத பூஜைக்கு முன் ஒரு செட் வாங்கினேன்.

உறையைப் பிரித்ததும் அப்பா ஒரு தந்தியை எடுத்து நகத்தால் நெருடிப் பார்த்தார். "என்னடா இது? நம்ம சரிகை மாதிரியில்ல இருக்கு?" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. சரிகை என்பது என்ன? வெள்ளிக் கம்பியை மெல்லிதாக இழுத்து, நசுக்கிப் பட்டையாக்கி, பட்டு நூலின்மேல் சுற்றி, பொன் முலாம் பூசியது. நடுவில் இழை, மேலே பட்டைக் கம்பி. காஞ்சிபுரத்தான் நாள்தோறும் கையாளும் அதே அமைப்பைத்தான் அயல்நாட்டான் எஃகில் செய்து எனக்கு விற்றிருக்கிறான்! தந்தியின் இரு முனைகளிலும் வண்ண நூல் சுற்றியிருந்தது. கடைக்காரர்கள் அதை 'சில்க்' என்றே சொல்வார்கள். அப்பா அதில் ஒரு பிசிறைக் கிள்ளித் தீக்குச்சியில் காட்டி முகர்ந்து பார்த்தார். முடி கருகும் வாடை வரவில்லை, உருகிச் சொட்டியது. "இது பட்டு இல்லடா. உன்னை ஏமாத்திட்டாங்க" என்று அவர் சொன்னதும் வீடே சிரித்தது. சேலையில் கோடு விழுந்த நாளுக்குப் பிறகு எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

இனி, நான் படிக்கும் இயற்பியலுக்கு வருகிறேன். ஆய்வகத்தில் சுரமானியை வைத்து நாம் அனைவரும் செய்து பார்த்த சோதனைதான். நீளம் இருமடங்கானால் அதிர்வெண் பாதியாகும். இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இருமடங்காகும். ஓரலகு நீளத்தின் நிறை நான்கு மடங்கானால் அதிர்வெண் பாதியாகும். 1636-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி வெளியிட்ட விதிகள் இவை. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர வேண்டும். அதற்கு நிறை வேண்டும். நிறைக்காக ஒரே கனத்த கம்பியைப் போட்டால் அது தந்தியாக இராமல் தடியாகிவிடும். வளைந்துகொடுக்காது, சுருதி சேராது. ஆகவே மெல்லிய நரம்பின்மேல் கம்பியைச் சுற்றி, விறைப்பை ஏற்றாமல் நிறையை மட்டும் ஏற்றுகிறார்கள். மேலுறை உருண்டையானால் மேற்சுரங்கள் மிகுந்து கணீரென ஒலிக்கும். பட்டையானால் மேற்சுரங்கள் அடங்கி அடிச்சுரம் எழும். ஃப்ளாட்வவுண்டின் ஒலி 'செத்தது' அன்று, அடக்கமானது என்பதே என் வாதம்.

தேர்ந்தெடுப்பதில் நான் கற்றவற்றை வருங்கால வாசிப்பாளர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் உங்கள் கிட்டாரின் தலைமேட்டிலிருந்து குதிரை வரை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலானவை 34 அங்குலம். நீளம் தவறினால் முனையில் உள்ள நூல் சுற்று மேட்டின்மேலோ குதிரையின்மேலோ ஏறிவிடும், ஒலி மங்கும். அடுத்தது கனம். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி அதில் எத்தனை பங்கு என்று உறையில் எழுதியிருப்பார்கள். டி'அடாரியோ நிறுவனத்தின் குரோம்ஸ் வகையில் 45 முதல் 100 வரை உள்ள செட் தொடங்குவோர்க்குப் போதும். லா பெல்லாவில் 52 முதல் 110 வரை உள்ள கனமான செட்டும் உண்டு. அதற்கு நல்ல விரல் வலிமை வேண்டும். வியன்னாவின் தோமாஸ்டிக் தந்திகள் இழுவிசை குறைந்தவை, ஆனால் விலை கூடியவை. கனத்தைப் போலவே இழுவிசையையும் பார்க்க வேண்டும். ஒரு மீட்டருக்கு 20 கிராம் நிறையுள்ள தந்தி, 34 அங்குல நீளத்தில் நொடிக்கு 55 முறை அதிர, சுமார் 18 கிலோ எடையைத் தொங்கவிட்டது போன்ற இழுவிசை தேவை. நான்கு தந்திகளும் சேர்ந்தால் ஓர் ஆளின் எடை! அத்தனையையும் தாங்குவது கிட்டாரின் கழுத்து.

ஆகவே ஒரே மூச்சில் முறுக்கிவிடக் கூடாது. நான்கையும் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். கழுத்து புது இழுவிசைக்குப் பழக ஓரிரு நாள் விட்டு, மீண்டும் சுருதி சேர்க்க வேண்டும். மிச்சத் தந்தியை வெட்டுமுன் பிருடையருகே செங்குத்தாக மடித்துக்கொண்டு, மடிப்புக்கு அப்பால் வெட்ட வேண்டும். மடிக்காமல் வெட்டினால் பட்டைச் சுற்று உள்ளே கழன்று தந்தியே பாழாகும். பிருடையில் இரண்டு மூன்று சுற்று இருப்பது நலம்.

அதன் பின் என்ன செய்வது? ஒன்றும் செய்யாமல் வாசிப்பதுதான்! முதல் இரண்டு வாரங்கள் என் தந்திகள் எனக்கே பிடிக்கவில்லை. விரலில் ஒட்டின. தகரத்தைத் தட்டியது போன்ற ஓசை ஒன்று கூடவே வந்தது. ஏமாந்துவிட்டோமோ என்று கலங்கினேன். அப்பாவிடம் சொன்னபோது, "புதுப் பாவு ஏத்தினா முதல் முழம் எப்படி இருக்கும்? எங்கேயாவது அடங்குதா? நெய்ய நெய்யத்தானே அடங்கும்" என்றார். அவர் சொன்னபடியே ஆயிற்று. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வைத்தேன். ஒரு மாதத்தில் ஒட்டல் போயிற்று. மூன்று மாதத்தில் தகர ஓசை போயிற்று. பொங்கல் கழிந்து ஒரு கல்யாணக் கச்சேரியில் அந்தத் தந்தி முதன்முறையாக ஓசையை விட்டு ஒலியைத் தந்தது. மேளத்தின் அடியோடு அது கலந்த விதத்தை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. விரலோ, பட்டைத் தொட்டாலும் மாட்டுவதில்லை.

இதில் நான் தனித்து நிற்கவில்லை என்பதற்குச் சான்று காட்டுகிறேன். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து மோடவுன் இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1983-இல் மறைந்தவர். 1962-ஆம் ஆண்டு செய்யப்பட்ட ஃபெண்டர் பேஸ் கிட்டாரில் லா பெல்லாவின் கனமான ஃப்ளாட்வவுண்டு தந்திகளைப் பூட்டி, அறுந்தாலொழிய மாற்றாமல் வாசித்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். உலகமே ஆடிய பாடல்கள் அந்தப் பழந்தந்தியில் பிறந்தவை. பளபளப்புதான் இசை என்றால் அவை எப்படிப் பிறந்திருக்கும்?

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. கட்டை விரலால் அடித்தும் சுண்டியும் வாசிக்கும் 'ஸ்லாப்' முறைக்கு ரவுண்டுவவுண்டின் கணீரொலிதான் பொருந்தும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணீரொலி, பள்ளங்களில் வியர்வையும் அழுக்கும் சேரச் சேரச் சில வாரங்களில் மங்கிவிடும். பிறகு மறுபடியும் செலவு. சொரசொரப்பு மெட்டுகளையும் தேய்க்கும். ஃப்ளாட்வவுண்டின் விலை ஏறத்தாழ இருமடங்கு. ஆயினும் ஆண்டுக் கணக்கில் உழைக்கும். வாங்கிய நாளைவிட இரண்டாம் ஆண்டில் நன்றாக ஒலிக்கும். கூலிக்காரன் வீட்டுக் கணக்குப்படி எது மலிவு என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும்.

இப்போது என் வேண்டுகோள். நம் மாணவர் மன்றத்துப் பேஸ் கிட்டாருக்கு ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி விழாவுக்கு முதல் நாள் புதுத் தந்தி மாட்டுகிறோம். மறுநாள் மேடையில் அது சுருதி இறங்குகிறது, வாசிப்பவன் தவிக்கிறான். விழா முடிந்ததும் பெட்டியில் கிடந்து துரு ஏறுகிறது. அடுத்த ஆண்டு மீண்டும் புதிது. இவ்வாண்டு ஒரே ஒரு முறை நல்ல ஃப்ளாட்வவுண்டு செட் வாங்குவோம். மாலை நேரங்களில் முறை வைத்து, விருப்பமுள்ள எவரும் அதில் வாசிக்கட்டும். மூன்றாண்டுகளுக்கு மாற்ற வேண்டாம். நாங்கள் பட்டம் பெற்றுச் சென்ற பின் வரும் தம்பி தங்கையர், நாங்கள் பழக்கிய தந்தியில் முதல் நாளே நல்ல ஒலி கேட்பார்கள். முன்னவர் பழக்கி வைக்காத பாதையில் தனியே நடப்பது எவ்வளவு கடினம் என்பதை, வீட்டில் முதலாவதாகக் கல்லூரிக்கு வந்த என் போன்றோர் நன்கு அறிவோம்.

ஆயுத பூஜை அன்று அப்பா தறிக்குக் குங்குமம் இட்டுவிட்டு, நான் கேட்காமலே கிட்டாருக்கும் ஒரு பொட்டு வைத்தார். கை இரண்டுக்கும் ஆகுமா என்ற கேள்வியை அவர் அதன் பின் என்னிடம் கேட்கவில்லை. சென்ற வாரம் மஞ்சள் சேலையொன்றின் முந்திக்கு என்னையே இழை பிணைக்கச் சொன்னார். ஒரு பிசிறும் விழவில்லை.