டாக்டருக்கு ஆராய்ச்சி தெரிந்திருக்க வேண்டுமா? கிள்ளானில் கிடைக்கும் பழைய பதில்

மூன்று நாளாகக் காய்ச்சல். போர்ட் கிள்ளானில் ஒரு கிளினிக்குக்குப் போகிறீர்கள். ரத்தம் எடுக்கிறார்கள், மருந்து தருகிறார்கள், எம்.சி.யும் கிடைக்கிறது. அந்த டாக்டர் ஓர் ஆய்வுக் கட்டுரையாவது எழுதியிருக்கிறாரா என்று கேட்கத் தோன்றுமா? தோன்றாது. நோய் குணமானால் போதும், இல்லையா?

ஆனால், உங்கள் ஊரின் கதையைக் கொஞ்சம் பாருங்கள்.

1901 செப்டம்பரில் திறக்கப்பட்டபோது இதன் பெயர் போர்ட் ஸ்வெட்டன்ஹாம். திறந்த கையோடு மலேரியா பரவி, துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. அப்போது கிள்ளான் மாவட்ட அரசாங்க டாக்டர் மால்கம் வாட்சன். வயது 28தான். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் வேலைக்கு வந்திருந்தார். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டுபிடித்து நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

வாட்சன் கொயினா மாத்திரையோடு நிற்கவில்லை. சதுப்பு நிலத்தை வடிக்கச் சொன்னார். அதைவிட முக்கியம், எண்ணிக்கை வைத்திருந்தார். கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலும் காய்ச்சலால் இறந்தவர்கள் 1901இல் 368 பேர். 1902இல் 59 பேர். சரி, அந்த ஆண்டு எல்லா இடத்திலுமே காய்ச்சல் தானாகக் குறைந்திருக்கலாமே? அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. வடிகால் வெட்டாத மாவட்டத்தின் மற்றப் பகுதிகளில் அதே எண்ணிக்கை 266லிருந்து 227க்குத்தான் இறங்கியது.

வேலை செய்த இடத்தையும் செய்யாத இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஆராய்ச்சிப் பயிற்சி என்று நாம் பெரிய வார்த்தையில் சொல்வதன் அடிப்படை இதுதான்.

இதே வைத்தியம் மலையோரத் தோட்டங்களில் எடுபடவில்லை. கடலோரத்தில் மலேரியாவைப் பரப்பிய கொசு நிழலான சதுப்பு நீரை விரும்பும். காட்டை வெட்டி, நீரை வடித்தால் போய்விடும். மலையடிவாரத்துக் கொசு வேறு இனம். வெயில் படும் தெளிந்த ஓடைதான் அதற்கு வசதி. அங்கே காட்டை வெட்டினால் காய்ச்சல் ஏறும். அந்த லயங்களில் செத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட நம் ஆட்கள். ‘கிள்ளானில் பலித்ததே’ என்று வாட்சன் பிடிவாதம் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் விட்டார், தண்ணீரில் எண்ணெய் தெளித்தார், மறுபடி எண்ணினார்.

இவ்வளவுக்கும் அவர் ஆய்வுக்கூட விஞ்ஞானி அல்ல, தினமும் நோயாளி பார்த்த டாக்டர்.

இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம்: 1998-99. பன்றிப் பண்ணைகளில் பரவிய மூளைக் காய்ச்சலை ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று நினைத்து, தடுப்பூசியும் கொசுப்புகையும் நடந்துகொண்டிருந்தன. ஆனால் அந்த நோய் வழக்கமாகத் தாக்குவது பிள்ளைகளை. இங்கே விழுந்தவர்கள் பெரும்பாலும் பண்ணையில் வேலை செய்த பெரியவர்கள். மலாயா பல்கலைக்கழகத்தில் வைராலஜி பயிற்சியில் இருந்த டாக்டர் சுவா காவ் பிங், நோயாளிகளின் மாதிரியிலிருந்து புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். அதுதான் நிப்பா. 105 பேர் இறந்தார்கள்.

அப்படியானால் எல்லா டாக்டரும் கட்டுரை எழுத வேண்டுமா? வேண்டாம் என்பதே என் எண்ணம். இப்போது நம் நாட்டில் உள்ளூர் பல்கலைக்கழக மாஸ்டர்ஸ் வழி ஸ்பெஷலிஸ்ட் ஆகிறவர் ஓர் ஆய்வு செய்தாக வேண்டும். பிரிட்டனின் எம்.ஆர்.சி.பி. தேர்வில் ஆய்வேடு கிடையாது. இரண்டு வழியில் வந்தவர்களும் ஒரே வார்டில் நன்றாகவே வைத்தியம் பார்க்கிறார்கள். ஆன்-கால் முடித்துக் கண் சொருகி நிற்கும் ஹவுஸ்மேனிடம் கட்டுரை எங்கே என்று கேட்டால், ஏதோ ஒன்றை எழுதித் தருவார். யாரும் படிக்கப் போவதில்லை.

கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது வேறு. புதிய மருந்தோடு வரும் விற்பனைப் பிரதிநிதி ‘ஆபத்து பாதியாகக் குறையும்’ என்பார். நூறு பேரில் இரண்டு பேர் ஒருவராகக் குறைந்தாலும் அது பாதிதான். நாற்பது இருபதாகக் குறைந்தாலும் பாதிதான். எது என்று டாக்டர் திருப்பிக் கேட்க வேண்டும். அந்த மருந்துக்குப் பணம் கட்டப்போவது நீங்கள்.