எழுதாத அறம்

மலைமேலே ஏலத்தோட்டம் வைத்திருக்கும் தேவாரத்துச் செல்வர்களே! பாகப்பிரிவினையில் குழிக்குக் குழி கணக்கெழுதும் உங்கள் கரம், ஊர்ப்பிள்ளைகளின் கல்விக்கென ஒரு வரி எழுத நடுங்குவதேன்? “மக்கள் பார்த்துச் செய்வார்கள்” என்பீர். பார்ப்பார்கள், செய்யமாட்டார்கள்!

பச்சையப்பர் 1794இல் மறைந்தார். கோயில் அறங்களுக்கென உயில் எழுதிவிட்டே மறைந்தார். நடந்ததென்ன? பூசல் மூண்டது, அறப்பணம் வழக்குமன்றம் ஏறிற்று! மீட்ட தொகையில் எஞ்சியதைக் கொண்டு 1842இல்தான் சென்னையிலே பள்ளி எழுந்தது. கோயில் விளக்கால் அல்ல, கல்லூரியாய் வளர்ந்த அந்தப் பள்ளியால்தான் இன்றும் அவர் பெயர் ஒளிர்கிறது!

எழுதிவைத்த அறத்துக்கே அந்தக் கதியென்றால், எழுதாத அறம் என்னாகும்? எந்த நிலம், எவ்வளவு, எந்தப் பள்ளிக்கு, எவர் பொறுப்பு என்று தெளிவாக எழுதுங்கள். உயிலுக்குச் சட்டம் கேட்பது உங்கள் கையொப்பமும் இரண்டு சாட்சிகளுந்தான். கல்லில் பெயர் வெட்டியது போதும். கற்பவர் நெஞ்சில் எழுதுங்கள்!