வெயிலுக்கு ஒரு வேலை கொடுப்போம்!

மாமல்லபுரத்தில் பஸ்சுக்காக நிற்கிறீர்கள். வெயில் சுள்ளென்று அடிக்கிறது. நிழலுக்காகப் பழைய சுவர் ஒன்றில் சாய்கிறீர்கள். நிமிர்ந்து பார்த்தால் சட்டை எல்லாம் வெள்ளைப் பொடி!

"மட்டமான பெயிண்ட்!" என்று திட்டுவீர்கள். பெயிண்டை மட்டும் திட்டாதீர்கள். அதில் வெயிலுக்கும் பங்கு உண்டு.

வெள்ளை பெயிண்டுக்கு நிறம் கொடுப்பது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற பொடி. டைட்டானியம் என்ற உலோகமும் பிராணவாயுவும் சேர்ந்தது அது. அதன் மேல் வெயில் பட்டால், தன்னைச் சுற்றி இருக்கும் பசையை அது கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துவிடும். பசை போனதும் நிறம் உதிர்கிறது.

சுவரைக் கெடுக்கும் இந்தக் குணத்தை ஊருக்கு நன்மையாக மாற்ற முடியாதா? முடியும் என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

இரண்டு வேலை

1972-ம் ஆண்டில் ஜப்பானியர்களான புஜிஷிமாவும் ஹோண்டாவும் ஓர் அதிசயத்தை வெளியிட்டார்கள். இந்த ஆக்சைடையும் பிளாட்டினத்தையும் கம்பியால் இணைத்துத் தண்ணீரில் வைத்து, ஒளியைப் பாய்ச்சினார்கள். தண்ணீர் ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரிந்தது! ஹைட்ரஜனை எரித்தால் கரிப்புகை வராது. தண்ணீர்தான் வரும்.

அதே பொடி, தண்ணீரில் கலந்த சாயத்தையும் மருந்துக் கழிவையும் சிதைக்கும்.

இத்தகைய ஆக்சைடுகளைப் பற்றி நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். நிறுவனத்தில் ஆராய்ச்சி நடக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் எந்த வேலை முதலில்?

ஹைட்ரஜன் காத்திருக்கட்டும்

2021-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் 100 சதுர மீட்டர் பரப்பில் இப்படி ஹைட்ரஜன் எடுத்த விவரத்தை வெளியிட்டார்கள். வெயிலின் சக்தியில் 100-க்கு 0.76 பங்குதான் கிடைத்தது. மாடியில் வைக்கும் சூரியப் பலகையோ சுமார் 20 பங்கை மின்சாரமாக்குகிறது. அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிப்பதே இன்றைக்கு லாபம்.

ஹைட்ரஜனுக்கு வேறு வழி இருக்கிறது. அழுக்குத் தண்ணீர் காத்திருக்காது.

இந்த மாவட்டத்தில் கடலில் கலக்கும் பாலாற்றைப் பாருங்கள். மேலே வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைக் கழிவு அதைக் கெடுத்தது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. 28 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. துயரம் தீரவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

வெளியே வாருங்கள்!

ஆராய்ச்சிக்கூடங்களில் பெரும்பாலும் சுத்தமான தண்ணீரில் சாயம் கலந்து சோதிக்கிறார்கள். நிறம் மறைந்தால் வெற்றி! நிஜமான கழிவுநீர் அப்படியா இருக்கிறது? சேறும் எண்ணெயும் மிதக்கும். கலங்கிய தண்ணீருக்குள் வெயில் நுழையாது. அதோடு, இந்த வெள்ளைப் பொடிக்கு வேண்டியது புற ஊதாக் கதிர். வெயிலில் அது 100-க்குச் சுமார் 5 பங்குதான்.

ஆகவே விஞ்ஞானிகளே, கண்ணாடிக் குவளையை விட்டு வெளியே வாருங்கள். ஓர் ஆஸ்பத்திரியின் கழிவையும் ஒரு சாயப்பட்டறையின் கழிவையும் எடுத்துக்கொள்ளுங்கள். மழையிலும் வெயிலிலும் ஓராண்டு சோதியுங்கள். செலவு என்ன, பலன் என்ன என்று ஊருக்குச் சொல்லுங்கள். தோற்றாலும் சொல்லுங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்தப் பொடி உப்பை நீக்காது. தோல் கழிவின் பெரும் தொல்லையே உப்புதான். "பொடி வந்துவிட்டது" என்று சாக்குச் சொல்லி, யாரும் கழிவை ஆற்றில் திறந்துவிட இடம் கொடுக்கலாகாது. ஆலை வாசலிலேயே தடுப்பது முதல் வேலை. மிச்சத்தைத் துடைப்பதுதான் பொடியின் வேலை.

கத்திரி வெயில் ஆண்டுதோறும் சும்மா காய்கிறது. திட்டியது போதும். அதற்கு ஒரு வேலை கொடுப்போம்!